குறிப்பாளர் விழித்திருந்த நிமிடங்கள்

இந்த வருடம் எங்கள் திரைப்பட விழாக் கையேட்டுக்குப் படக்குறிப்புகளைக் கணினியே எழுதிக் கொடுத்துவிட்டதாம். அத்தனை படங்களுக்கும் ஒரே காலைப்பொழுதில் வேலை முடிந்தது என்று அலுவலகத்துப் பிள்ளைகள் பெருமையாகச் சொன்னார்கள். அச்சான கையேட்டில் ஒன்றை என் கையில் கொடுத்து, முதல் நாள் கொடுக்கிற விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு கட்டுரை கொடுங்கள் என்றும் கேட்டார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "என்ன இருந்தாலும் அது ஒரு படத்தையும் பாக்கலையே சார்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்துமூன்று வருடம் அந்த வேலையைச் செய்தவன் நான். அதில் பத்தொன்பது வருடம் நானும் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

காரணம் சோம்பல் இல்லை. விளக்கை அணைத்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இருட்டு, மெத்தென்ற நாற்காலி, கொஞ்சம் குளிர்காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் பத்தாவது நிமிடம் நான் ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் மனைவியைப் படத்துக்கு அழைத்துப் போனேன். இடைவேளையில் ஏதாவது வாங்கித் தருவேன் என்று காத்திருந்து, பிறகு என் சட்டைப்பையில் கைவிட்டுக் காசெடுத்துத் தானே போய் முறுக்கு வாங்கித் தின்றுவிட்டு வந்தாள். அன்றைக்குப் பிறகு என்னோடு தியேட்டருக்கு வந்ததே இல்லை. இப்படிப்பட்டவனுக்குத்தான் பகவான் திரைப்படக் கழகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்தில் நான் தட்டச்சராக இருந்த லாரி அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த திரைப்படக் கழகத்துக்குத் தமிழ் வேகமாகத் தட்டுகிற ஆள் தேவைப்பட்டது. தட்டிக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். படம் பார்ப்பாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. திரைப்படக் கழகத்துக்கு வேலை கேட்டு வருகிறவனிடம் அதை யார் கேட்பார்கள்?

வருடத்துக்கு ஒரு முறை ஐந்து நாள் விழா. தாம்பரத்தில் பெரிய அரங்கம் ஒன்று, குரோம்பேட்டையில் எண்பது இருக்கை கொண்ட சின்ன அரங்கம் ஒன்று. இரண்டிலும் காலை ஒன்பதரை முதல் படங்கள் ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு படம் என்பதால் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் வருகிறவர்களின் முதல் கவலை. விழாவுக்கு முந்தின வாரம் கையேடு கைக்குக் கிடைத்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தாம்பரத்தில் படம் முடிகிறபோது எழுத்து ஓடுமே, அது ஓடுகிற நாலு நிமிடத்தில் எழுந்து ஓடினால் எந்த மின்சார ரயிலைப் பிடிக்கலாம், குரோம்பேட்டையில் இறங்கினால் தலைப்பு வருவதற்குள் உட்கார முடியுமா என்று கணக்குப் போடுவார்கள். சானடோரியத்தில் வண்டி நின்றுவிட்டால் ஒரு படமே போச்சு. இவ்வளவு பாடுபட்டுப் போகிறவர்கள், எந்தப் படத்துக்குப் போவது என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள்? பெரிய பேர் இல்லாத, விளம்பரம் இல்லாத, யாரோ கையை ஊன்றிக் கரணம் போட்டு எடுத்த சின்னப் படங்கள். நான் எழுதிய நாலு வரியைத் தவிர அவர்களுக்கு வேறு கதி கிடையாது.

கழகத்தின் செயலாளர் ஹெலன் மேடம். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வண்டலூரில் வீடு. நான் தட்டச்சு செய்து கொண்டுபோகும் குறிப்பை எழுந்து நின்றுதான் படிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தபடி சத்தமாக வாசிப்பார். திருத்த மாட்டார், திட்டவும் மாட்டார். கடைசியில் தாளை என் பக்கம் நீட்டி, "இதைப் படிச்சா நான் போவேனா?" என்று ஒரே கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் நான் நின்றால், தாளோடு திரும்பிப் போய்விட வேண்டும் என்று அர்த்தம்.

சேர்ந்த முதல் வருடம் அவர் சொன்ன விதி ஒன்றுதான். "ஜூல கூண்டுக்கு முன்னாடி போர்டு வெச்சிருப்பாங்க இல்ல, அது மாதிரி எழுது சிகாமணி. உள்ள புலி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு. புலி ரொம்ப அழகுன்னு நீ சொல்ல வேண்டாம், அவங்களே பாத்துப்பாங்க." நல்ல விதிதான். ஆனால் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு அல்லவா அந்த விதி?

நான் எட்டிப் பார்க்காமலே பலகை எழுதுகிற வித்தையைக் கற்றேன். படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வரும், நிழற்படம் ஒன்று வரும். அது போதும். நிழற்படத்தில் பனி இருந்தால் 'தனிமை' என்று எழுதுவேன். கிழவர் இருந்தால் 'நினைவுகள்'. ஜன்னலோரம் பெண் நின்றால் 'காத்திருப்பு'. யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் 'மௌனம்'. ஒன்றுமே புரியவில்லை என்றால் 'கவித்துவம்'. ஒரு தடவை நிழற்படத்தில் வெறும் கழுதை மட்டும் நின்றது. அதற்கும் கவித்துவம்தான். மேடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

என்னைத் துரத்தித் துரத்திக் கேள்வி கேட்டவர் ஒருவர்தான், லோகநாயகி அக்கா. சேலையூரில் தையல் கடை. விழா நடக்கும் ஐந்து நாளும் கடைக்குப் பூட்டு. டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து அப்படியே வந்துவிடுவார். கையேடு முழுக்கத் துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸால் குறித்து வைத்திருப்பார். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் முதல் படம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "இன்னா தம்பி, நீ எழுதிக்கீற படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது?" என்று கேட்பார். நான் சிரித்து மழுப்புவேன். ஆனால் அடுத்த வருடமும் கையேடு வாங்க முதல் ஆளாக அவர்தான் வந்து நிற்பார், அது ஏன் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

இப்போது அந்தப் பத்தொன்பதாவது வருடத்துக்கு வருகிறேன். அனகாபுத்தூரிலிருந்து சபீனா என்று ஒரு பெண் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். நாவலூரில் கணினி நிறுவன வேலையை விட்டுவிட்டு எடுத்த முதல் படம். ஆறு பெருகி வீட்டுக்குள் வந்த மூன்று நாள்தான் கதையாம். குறிப்பு எழுத ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், இருந்தாலும், "நீங்க ஒருதடவை பாத்துட்டு எழுதுங்க சார், பேப்பர்ல சொன்னா சரியா வரல" என்றாள். கட்டாயம் பார்க்கிறேன் என்றேன். அவள் போகும்போது சொல்லிவிட்டுப் போனதும் நினைவிருக்கிறது. பழைய நிறுவனத்தில் திரும்பக் கூப்பிடுகிறார்களாம், விழா முடிந்த மறுநாள் திங்கட்கிழமை சேர வேண்டும். ஜனங்கள் வந்து படம் பார்த்தால் சினிமா, இல்லாவிட்டால் நாவலூர் என்று அப்பாவிடம், அவள் சொல்கிறபடி அத்தாவிடம், வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தலைப்பு வந்தது நினைவிருக்கிறது. விழித்தபோது திரை இருட்டாக இருந்தது, டீ ஆறிப்போயிருந்தது. சரி என்று, அவள் எழுதிய பக்கத்தைக்கூடப் படிக்காமல், நிழற்படத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளத் தண்ணீர், அடுப்புக்கு இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பெண்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? 'வெள்ளம் அனைத்தையும் வாரிச் சென்ற பின், மௌனத்தில் உறைந்து நிற்கும் இரு பெண்கள். கண்ணீரின், வார்த்தையற்ற வலியின் பதிவு' என்று தட்டி முடித்தேன். கை பழகிய வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வருடம் மேடத்துக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். திரையும் கூடாது, தாளும் கூடாது. தேர்வுக் குழுவோ டிக் அடித்து அனுப்பிவிட்டு ஒதுங்கிவிட்டது. அதனால் நான் குறிப்புகளைப் படிக்க, அவர் கேட்டு, எந்தப் படத்தை எந்த நேரத்தில் போடுவது என்று முடிவு செய்தார். சபீனாவின் குறிப்பைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் மேடம்."

"எப்படி இருக்கு?"

"கண்ணு கலங்கிடுச்சு மேடம்" என்றேன். சொன்ன வாய்க்கு ஒரு கூச்சமும் இல்லை.

அழுகைப் படங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வெள்ளிக்கிழமை காலையில் சின்ன அரங்கத்தில் போடச் சொன்னார். அதே நேரத்தில் தாம்பரத்தில் வெளிநாட்டில் பரிசு வாங்கிய படம். நான் போட்ட நாலு வரி அந்தப் பெண்ணின் படத்தை ஒன்பதரை மணிக்குக் கொண்டுபோய் மூலையில் உட்கார வைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை குரோம்பேட்டையில் எனக்கு வேலை. எண்பது இருக்கையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் சபீனாவும் அவள் அம்மாவும் அடக்கம். அரங்கம் காலியாக இருந்தால் எங்கள் ஆட்கள் உள்ளே போய் உட்கார வேண்டும், அது எங்கள் வழக்கம், படம் எடுத்தவர் மனசு நோகக் கூடாதல்லவா? பத்தாவது ஆளாக நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு வரிசை முன்னால் லோகநாயகி அக்கா. தாம்பரம் பெரிய அரங்கத்தில் கூட்டம் நெரிந்து இடம் கிடைக்காமல், ரயிலேறி வந்திருக்கிறார். விளக்கு அணைந்தது. கையைக் கட்டிக்கொண்டு தூக்கத்துக்குத் தயாரானேன்.

படத்தில் ஒரே வீடு. கீழே மூத்த மருமகள், மேலே இளைய மருமகள். ஒரு மாவரைக்கும் கிரைண்டருக்காகச் சண்டை போட்டு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. தண்ணீர் புகுந்ததும் மூத்தவள் குடும்பத்தோடு, கோழியோடு, அந்தக் கிரைண்டரோடு மாடிக்கு ஏறுகிறாள். அப்போதும் பேச மாட்டார்கள். நடுவில் மாமனார். "மாமா, கொழம்புல உப்பு இல்லன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்பாள் ஒருத்தி. அவர் அந்தப் பக்கம் திரும்பி, கொழம்பு பிரமாதமாம்மா, இன்னும் கொஞ்சம் கேக்குறா என்பார். முதல் தடவை லோகநாயகி அக்கா முன் இருக்கையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். இரண்டாவது தடவை நானே சிரித்துவிட்டேன். மூன்றாம் நாள் மீட்புப் படகு வந்து நிற்கிறது. முதலில் ஏறுகிறவள் கை நீட்டி மற்றவளை ஏற்ற வேண்டும், அதனால் இருவரும் ஏற மாட்டேன் என்கிறார்கள். படகுக்காரன் தலையில் கைவைத்துக்கொள்கிறான், கோழி மட்டும் ஏறிவிடுகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் மூத்தவள் ஒன்றும் பேசாமல் கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், இளையவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். விளக்கு போட்டபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது. விளக்கு போட்டுத்தான் என்னை எழுப்புவது வழக்கம், அன்றைக்கு எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

லோகநாயகி அக்கா எழுந்து என்னைப் பார்த்தார். கையேட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏன் தம்பி, வயிறு வலிக்க சிரிச்சிக்கினு கீறேன், கண்ணீர்னு எழுதி வெச்சிக்கீற. வெள்ளத்துல நாங்க அழுதது பத்தாதா, காசு குடுத்து வேற அழணுமான்னு அல்லாரும் அந்தாண்ட பூட்டாங்க" என்றார். சபீனா கடைசி வரிசையில் தன் அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தேன். மேடம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

"படம் நல்ல படம் மேடம். குறிப்புதான் தப்பு. நான் பாக்காம எழுதிட்டேன்."

"இந்த ஒண்ணு மட்டுமா?"

"சேந்ததுலேர்ந்து, மேடம்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது, திரும்பத் தட்டச்சு வேலை கொடுக்க எந்த லாரி அலுவலகமும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றவும் முடியாமல், நெற்றிக்கு ஏற்றவும் முடியாமல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"உள்ள புலி இருக்கா?" என்றார் கடைசியில்.

"இருக்கு மேடம். குட்டிங்களோட இருக்கு."

"அப்ப போர்டை மாத்து. ஆனா ரகசியமா மாத்தக் கூடாது. யார் யார் அதை நம்பினாங்களோ, அவங்க முன்னாடி மாத்தணும்."

காலியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி மட்டும்தான். சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்தில் படம் போட்டால் யார் வருவார்கள்? ஐந்து நாளில் எங்கள் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுவது அன்று ஒரு வேளைதான், பிரியாணிக் கடைக்கு அப்படி ஓடுவார்கள். இருந்தாலும் அதைத்தான் கொடுக்க முடிந்தது. சனிக்கிழமை மாலை, தாம்பரத்தில் அரங்கம் நிறைந்திருந்தபோது மேடம் என்னை மேடைக்கு ஏற்றினார்.

மைக்கைப் பிடித்தேன். என் பேர் சிகாமணி, உங்கள் கையேட்டில் குறிப்புகள் எழுதுகிறவன், பத்தொன்பது வருடமாக ஒரு படத்தையும் பார்க்காமல் எழுதினேன், இருட்டானால் தூங்கிவிடுவேன் என்று சொல்லி முடித்தேன். என்னை நம்பி ரயில் பிடித்து ஓடினவர்கள் மன்னிக்க வேண்டும் என்றேன். செருப்பு வந்தாலும் ஆச்சரியமில்லை என்றுதான் நின்றேன். பிறகு நடு வரிசையிலிருந்து லோகநாயகி அக்கா எழுந்தார்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும் தம்பி. நீ மௌனம்னு எழுதினா தூங்கலாம். கவித்துவம்னா கழுதை வரும். காத்திருப்புன்னு போட்டா நாமதான் காத்துக்கினு கெடக்கணும். அத்த வெச்சித்தான் நாங்க படத்தயே பொறுக்குறோம்" என்றார்.

அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் 'நினைவுகள்' என்றால் இரண்டரை மணி நேரம் என்று கத்தினார். இன்னொருவர் 'தனிமை' என்றால் சப்டைட்டில் தேவைப்படாது என்றார். அவர்களுக்குள் அகராதியே போட்டு வைத்திருந்தார்கள். நான் புளுகினேன், அவர்கள் புளுகைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த அகராதியில் 'கண்ணீர்' என்றால் அந்தப் பக்கமே போகாதே என்று அர்த்தமாம். சபீனாவின் படம் அப்படித்தான் காலியாகக் கிடந்தது. மேடையில் நின்றவனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. நாளை மத்தியானம் ஒரு மணிக்குக் குரோம்பேட்டையில் அந்தப் படம் திரும்ப ஓடும் என்று அறிவித்தேன்.

"இந்தப் படத்தை நான் முழுசா பாத்தேன்" என்றேன். "தூங்கல."

சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. பைகளின் ஜிப் திறக்கிற சத்தம். கையேட்டையும் பென்சிலையும் எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்டார், புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று லோகநாயகி அக்கா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எண்பது இருக்கையும் நிறைந்து படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை வராத சபீனாவின் அத்தா முதல் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு இடமில்லை, கதவுக்கு வெளியே நின்றேன். சபீனாவும் உள்ளே போகாமல் சுவரில் சாய்ந்து கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாவலூருக்கு அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். உப்புக் காட்சி வந்தது, உள்ளே சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். படகு வந்தபோது சத்தம் வராந்தா வரை அதிர்ந்தது. அதில் ஒரு ஆண் குரல் மட்டும் மற்றவர்கள் நிறுத்தின பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தது. "எங்க அத்தா சார்" என்றாள். பிறகு குனிந்து கைப்பேசியில் எதையோ தட்டினாள். "வரலன்னு அனுப்பிட்டேன்" என்றாள்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். மறு வருடத்திலிருந்து ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ஒரு வரி அச்சாக வேண்டும் என்றார். 'குறிப்பாளர் விழித்திருந்தது: பன்னிரண்டு நிமிடம்.' 'ஆறு நிமிடம்.' ஒரு பெரிய பரிசுப் படத்துக்கு 'மூன்று நிமிடம்' என்று வந்து, அதன் இயக்குநர் என் மேசைக்கே வந்து முறைத்துவிட்டுப் போனார். கடைசி நாலு வருடமும் ஜனங்கள் அந்த எண்ணை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். இருபது நிமிடம் தாண்டினால் அரங்கம் நிறையும். குறிப்பை ஒருவரும் படிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஆறு மாதத்துக்கு முன் சபீனா வீட்டுக்கு வந்தாள், இரண்டாவது படத்தோடு. பெண் பார்க்க ஒரே ஷேர் ஆட்டோவில் தாம்பரத்திலிருந்து நாவலூருக்குப் போகும் பதினொரு பேரின் கதை. என் மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கண் விழித்தபோது இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ சார்?"

பழைய சிகாமணியாக இருந்தால் கண்ணு கலங்கிடுச்சும்மா என்று சொல்லியிருப்பான். "பதினாலு" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. நோட்டில் குறித்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தாள், அன்றைக்கு முப்பத்தெட்டு. மூன்றாவது தடவை படம் முடிந்து, கடைசியில் வரும் எழுத்தெல்லாம் ஓடி முடிந்தும் நான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குச் சந்தேகம். "சார் மத்தியானமே தூங்கிட்டாரா?" என்று என் மனைவியிடம் விசாரித்தாள். இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அவளும் அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து முழுசாகப் பார்த்த முதல் படம் அது.

இப்போது பிள்ளைகள் கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். சபீனாவின் படம் சனிக்கிழமை காலை ஒன்பதரை, சின்ன அரங்கம். பக்கத்தில் நிழற்படம், ஆட்டோவுக்குள் நசுங்கிக்கொண்டு பதினொரு முகங்கள். கீழே கணினி எழுதியிருக்கிறது: 'நெருக்கடியில் சிக்கிய மனிதர்களின் காத்திருப்பு. மௌனத்தின், வார்த்தையற்ற வலியின் பதிவு.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று பிள்ளைகளுக்குப் போன் போட்டேன். "உங்க நடையே வரணும்னுதான் சார், பழைய கையேடெல்லாம் அதுக்குக் குடுத்துப் பழக்கினோம்" என்றார்கள். எந்தக் கையேடுகள் என்று கேட்டேன். முதல் பத்தொன்பது வருடத்துக் கையேடுகளாம். அப்புறம் வந்தவற்றில் குறிப்புக்குக் கீழே நிமிடக் கணக்கு குறுக்கிடுகிறது என்று விட்டுவிட்டார்களாம்.

கையேடு அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. மலர் மட்டும்தான் மிச்சம். அதனால்தான் மறு பேச்சில்லாமல் இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டேன். தயவுசெய்து பென்சிலை எடுங்கள். நாற்பத்திரண்டாம் பக்கம், சனிக்கிழமை காலை ஒன்பதரை, குரோம்பேட்டை. அந்தக் குறிப்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளே புலி இருக்கிறது. குறிப்பாளர் விழித்திருந்தது, தொண்ணூற்றிரண்டு நிமிடம். படத்தின் நீளமும் அவ்வளவுதான்.